வேதசாட்சி தன் கைப்பட எழுதிய ஏடு

வேதசாட்சிகளின் சரித்திரங்களில் மிகப் பல, அவர்கள் மரித்து ஒரு தலைமுறையோ பல தலைமுறைகளோ கழிந்த பிற்பாடு, அவர்களை ஒருநாளும் கண்டறியாதவர்களால், பக்தியின் பெருக்கினாலும் கேட்போரின் ஆவலினாலும் அலங்கரித்து எழுதப்பட்டவையாகையால், அவற்றை வாசிக்கிறவர்களுடைய உள்ளத்தில் வியப்பும் வணக்கமும் உண்டாகின்றனவே தவிர, இன்னாரென்று அடையாளம் கண்டு நேசிக்கத்தக்க ஒரு மனித முகம் தோன்றுவது அரிதாயிருக்கிறது. இந்தப் பொதுவிதிக்கு மாறாக, தான் மடிவதற்கு முந்திய நாள்வரையில் தனக்கு நேர்ந்ததையும் தன் மனத்தில் நிகழ்ந்ததையும் தன் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு பெண் உண்டு. ரோமருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஆப்பிரிக்க மாகாணத்தின் தலைநகராகிய கார்த்தேஜில், கி.பி. 203-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் நாள், கொடிய மிருகத்தின்முன் விடப்பட்டு, பிறகு வாளால் வெட்டுண்டு இறந்த விபியா பெர்பேத்துவா என்பவளே அவள். அப்போது அவளுக்கு வயது ஏறக்குறைய 22. கையில் பால்குடி மறவாத ஓர் ஆண் குழந்தை.

அவளையும், அவளோடு கூட உயிர்நீத்த அடிமைப் பெண்ணாகிய பெலிசித்தாவையும், திருச்சபை பதினெட்டு நூற்றாண்டுகளாக வணங்கி வருகிறது. ரோமாபுரியின் பழைய பூசைமுறையில் குருவானவர் பெயர் சொல்லி நினைவுகூரும் ஏழு பெண் வேதசாட்சிகளுள் இவ்விருவரும் சேர்ந்திருப்பதால், அந்த மன்றாட்டு சொல்லப்படுகிற நாளில் நம்முடைய கிராமத்துக் கோயில்களிலும் அவர்கள் பெயர் ஒலிக்கிறது. ஆயினும் பெயர் ஒலித்து அடங்கிய பிறகு, அப்பெயருக்கு உரியவள் என்ன சொன்னாள், எதற்கு அழுதாள், எதற்கு அழ மறுத்தாள் என்று வினவுகிறவர்கள் மிகச் சிலரே. இது சிறிய குறை அன்று என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. தானே பேசியிருக்கிற ஒருத்தியை நாம் பேசவிடாமல் வணங்குவது, வணக்கத்தின் நோக்கத்துக்கே விரோதமானது என்று கருதுகிறேன். பெர்பேத்துவாவின் திருநாள் என்பது முதலாவதாக அவளுடைய ஏடு வாசிக்கப்படும் நாளாக இருத்தல் வேண்டும்.

அக்காலத்து நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிங்காசனத்தில் இருந்தவர் செப்திமியுஸ் செவேருஸ். ஆப்பிரிக்காவிலேயே, லெப்திஸ் மாக்னா என்னும் நகரில் பிறந்தவர். கிறிஸ்தவ மதத்தில் புதிதாகச் சேருவதை அவர் தடைசெய்ததாகப் பிற்காலத்து ரோமச் சரித்திரம் ஒன்று கூறினும், அதை இக்கால அறிஞர் பலர் நம்புவதில்லை. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே திராயன் சக்கரவர்த்தி பிளினி என்னும் அதிகாரிக்கு எழுதியனுப்பிய முறையே, அதாவது கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டு வந்து மறுதலிக்க மறுப்பவர்களைத் தண்டிக்கலாம் என்ற முறையே, இங்கொரு மாகாணத்திலும் அங்கொரு நகரத்திலுமாக ஆங்காங்கே உள்ள அதிகாரிகளின் மனப்போக்கின்படி நடந்துவந்தது. பெர்பேத்துவாவோடு பிடிபட்டவர்கள் எல்லாரும் இளைஞர்கள். இன்னும் ஞானஸ்நானம் பெறாமல் ஞானோபதேசம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். ரெவொகாத்துஸ், அவனோடு ஒரே எசமானுக்கு ஊழியம் செய்த பெலிசித்தா, சாத்தூர்னினுஸ், செக்குந்துலுஸ் ஆகிய இவர்களோடு, நற்குடியிற் பிறந்து, நன்கு கல்வி பயின்று, முறைப்படி மணம் முடிந்திருந்த பெர்பேத்துவாவும் பிடிக்கப்பட்டாள். அவர்களுக்கு உபதேசம் செய்துவந்த சாத்தூருஸ் அச்சமயம் அங்கே இல்லாதிருந்தும், தம் மாணாக்கர் சிறையில் இருக்கத் தாம் வெளியே இருப்பது தகாதென்று, தாமாகவே வந்து தம்மை ஒப்புவித்தார்.

பெர்பேத்துவாவின் ஏடு தொடங்குவது தேவதூதரோடும் அன்று, தேவ மகிமையோடும் அன்று. தன் தகப்பனாரோடு நடந்த ஒரு வாக்குவாதத்தோடு தொடங்குகிறது. அங்கே கிடந்த ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டி, இதனை இதற்குரிய பெயரால் அல்லாமல் வேறு பெயரால் அழைக்க இயலுமா என்று அவள் கேட்கிறாள், இயலாதென்கிறார் தகப்பனார், அவ்வாறே தானும் தான் எதுவோ அதுவல்லாத வேறொரு பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது என்று முடிக்கிறாள். அச்சொல்லைக் கேட்டு, கண்ணைப் பிடுங்கிவிடுபவர்போல் அவர் மகள்மேல் பாய்ந்து, ஒன்றும் செய்யாமலே திரும்பிப் போகிறார். அவர் சில நாள் வராமலிருந்தது தனக்கு ஆறுதலாயிருந்ததென்று எழுதுகிறாள் அவள். பிற்காலத்துச் சரித்திரக்காரன் ஒருவன் இதைக் கற்பித்து எழுதியிருப்பானானால், இத்தகைய ஒரு வாக்கியத்தை ஒரு வேதசாட்சியின் வாயில் வைக்க அவனுக்குத் துணிவு வந்திராது. பெற்ற தகப்பன் வராத நாள் நிம்மதியாயிருந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிற இந்த உண்மையே, ஏட்டின் ஒவ்வொரு வரியையும் நாம் நம்பும்படி செய்கிறது.

சிறையை அவள் வருணிக்கும் விதமும் அவ்வாறே. அத்தகைய இருட்டைத் தான் அதற்கு முன் அறிந்ததில்லை என்கிறாள்; கூட்ட நெருக்கத்தால் வெக்கை தாங்கவில்லை; காவற்சேவகர்கள் பணம் பிடுங்குகிறார்கள்; எல்லாவற்றிற்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய கவலை அரிக்கிறது. தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்னும் இரண்டு தியாக்கோன்மார் பணம் கொடுத்து, சில மணி நேரம் சிறையில் சற்றுக் காற்றோட்டமான இடத்துக்குப் போக வழிசெய்கிறார்கள். (ஆதித் திருச்சபையின் தர்மப்பணம் எவ்வகையில் செலவாயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சி வேண்டுவதில்லை; சேவகனுக்குக் கைக்கூலி கொடுத்தேனும் ஒரு தாய்க்கு மூச்சுவிட இடம் வாங்கித் தந்தார்கள்.) பசியால் சோர்ந்திருந்த பிள்ளைக்கு அங்கே அவள் பாலூட்டுகிறாள். பின்னர், பிள்ளை தன்னோடேயே தங்குவதற்கு அனுமதி கிடைத்த நாள் முதல், அந்தச் சிறைச்சாலையே தனக்கு அரண்மனையாகிவிட்டதென்றும், வேறெங்கும் இருக்கத் தனக்கு விருப்பமில்லை என்றும் எழுதுகிறாள். சிறை அரண்மனையானது விசுவாசத்தின் அற்புதத்தால் என்று பிரசங்கிமார் விளக்கம் கூறுவதை வாசித்திருக்கிறேன். அவளோ காரணத்தை மயக்கமின்றிச் சொல்கிறாள், குழந்தை கையில் இருந்ததே காரணம்.

தகப்பனாரைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஏட்டில் தேவனுக்கும் பெர்பேத்துவாவுக்கும் அடுத்தபடியாக நம் நெஞ்சைவிட்டு அகலாத உருவம் அவருடையதே. விசாரணை நடக்கப் போகிறதென்று கேள்விப்பட்டு நகரத்திலிருந்து அவர் ஓடிவருகிறார். தம் நரைத்த தலையைப் பார்க்கும்படியும், மற்ற பிள்ளைகளைவிட அவளையே உயர்வாக வைத்து வளர்த்ததை நினைக்கும்படியும், தாயையும் சகோதரரையும் அவளில்லாமல் பிழைக்கமாட்டாத குழந்தையையும் எண்ணும்படியும் மன்றாடுகிறார். அவள் கைகளை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார். மகளே என்றழைப்பதை விட்டு, சீமாட்டி என்று அழைக்கிறார். ரோம நாட்டுக் குடும்பத் தலைவனுக்குத் தன் மக்கள்மீது எத்தகைய அதிகாரம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கே, அத்தகைய ஒருவர் தம் மகளின் காலில் விழுந்தது எவ்வளவு பெரிய வீழ்ச்சி என்பது விளங்கும். தன் குடும்பத்தார் எல்லாருக்குள்ளும், தன் பாடுகளைக் கண்டு மகிழ்ச்சியடையமாட்டாதவர் அவர் ஒருவரே என்று பெர்பேத்துவா வருந்தி எழுதுகிறாள். தேவனுடைய சித்தத்தின்படியே எல்லாம் நடக்கும் என்று அவள் தேற்றியும், அவர் தேறாமல் போகிறார்.

விசாரணை நடந்த நாளில் நகர மன்றத்தில் பெருங்கூட்டம் கூடிவிட்டது. மாகாணாதிபதி இறந்துபோனபடியால், அவருக்குப் பதிலாக இலாரியானுஸ் என்னும் அதிகாரி மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தோடு அமர்ந்திருந்தான். அவன் கேட்டது பெரிதொன்றும் இல்லை: தகப்பனின் நரையையும் பிள்ளையின் பாலியத்தையும் எண்ணி, சக்கரவர்த்திகளின் நலத்துக்காக ஒரு பலி செலுத்திவிட்டுப் போகும்படியே சொன்னான். அவள் மறுத்தாள், கிறிஸ்தவள்தானா என்று கேட்டபோது ஆமென்று ஒப்புக்கொண்டாள். குழந்தையை ஏந்திக்கொண்டு வந்து அவளைப் படியிலிருந்து இறக்க முயன்ற தகப்பனாரை, கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கும்படி இலாரியானுஸ் உத்தரவிட்டான். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் இருந்ததென்றும், அவருடைய பரிதாபமான முதுமைக்காகத் தான் துக்கப்பட்டதாகவும் அவள் எழுதுகிறாள். தன் மரண தண்டனையைப் பற்றி ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டவள், தகப்பனுடைய அடியை அவ்வாறு எளிதில் கடந்துபோகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேதசாட்சியின் தகப்பன் என்பதற்காக அவரைப் பாவத்தின் ஏவலாள் என்றும், சோதனைக்காரனின் கருவி என்றும் இகழ்ந்து பேசும் வழக்கம் பழங்காலந்தொட்டு உண்டு. பெர்பேத்துவாவேகூட, அவருடைய வாதங்களை ஓரிடத்தில் அப்படிச் சாத்தானோடு சேர்த்துப் பேசுகிறாள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் மூன்றாம் முறை, நான்காம் முறை வரும்போது அவள் வார்த்தை மாறிவிடுகிறது. அவர்களை மிருகங்களின்முன் விடவிருந்த காட்சி நாளுக்குச் சற்று முன்னர் தாடியைப் பிய்த்துத் தரையில் எறிந்து, முகங்குப்புற விழுந்து, தம் ஆயுளையே சபித்துக்கொள்கிறபோது, அவள் எழுதுவது பரிதாபம் ஒன்றையே. மகள் கோபத்திலிருந்து இரக்கத்துக்கு வந்து சேர்ந்த அந்தத் தூரத்தை, அவளை வணங்குகிற நாம் கடக்காமலிருப்பது நியாயமா? அவருக்குத் தெரிந்த தெய்வங்களின் முறைப்படி அவர் கேட்டது பிள்ளையின் உயிரை. அதைக் கொடுக்க அவளால் இயலாமற் போயிற்று. கேட்டதில் அவருக்குக் குற்றம் இல்லை. அவருடைய துயரத்தைச் சிறுமைப்படுத்தினால் அவளுடைய தியாகமே சிறுத்துப்போகும் என்பதைப் பிரசங்கிமார் மறந்துவிடுகிறார்கள்.

தண்டனை கேட்டுச் சிறைக்குத் திரும்பியதும், பாலூட்டக் குழந்தையைக் கேட்டு அனுப்பினாள். தகப்பனார் கொடுக்க மறுத்துவிட்டார். அதன்பின் குழந்தையும் பாலை நாடவில்லை, தன் மார்பும் கட்டிக்கொண்டு வலிக்கவில்லை, பிள்ளையின் ஏக்கத்தாலும் மார்பின் நோவாலும் தான் வருந்தாதபடிக்குத் தேவன் அவ்விதம் சித்தங்கொண்டார் என்று எழுதுகிறாள். இந்த ஏட்டில் அவள் தெய்வச் செயல் என்று எண்ணி நன்றி செலுத்துகிறவற்றுள் இதுவும் ஒன்று; அதன் பெருமையைப் பிள்ளை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள்.

அவள் கண்ட தரிசனங்கள் நான்கு. முதலாவதில், வெண்கலத்தாலான ஓர் ஏணி வானளாவி நிற்கிறது. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறத்தக்க ஒடுக்கம். இருபுறமும் வாள், ஈட்டி, கொக்கி. அடியில் ஒரு பறவைநாகம். சாத்தூருஸ் முன்னே ஏறுகிறார். அவள் நாகத்தின் தலையையே முதற்படியாக மிதித்துப் பின்னே ஏறுகிறாள். மேலே ஒரு பெருந்தோட்டம்; நடுவில் நரைத்த தலையோடு இடையன் கோலத்தில் உயர்ந்த உருவம் ஒன்று ஆடு கறந்துகொண்டிருக்கிறது; சுற்றிலும் வெள்ளுடை தரித்த ஆயிரக்கணக்கானோர். கறந்ததின் கட்டியில் ஒரு வாய் அவள் கையில் கொடுக்கப்படுகிறது. கைகளைச் சேர்த்து வாங்கி உண்கிறாள். விழித்த பின்னும் வாயில் ஏதோ ஓர் இனிப்பு தங்கியிருக்கிறது. இக்காட்சியில் வேத வாக்கியங்களின் எதிரொலிகளை அறிஞர்கள் எடுத்துக் காட்டுவார்கள், அது சரியே. ஆனால் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய் கண்ட மோட்சத்தில், பால் கறக்கிறவராகத் தேவன் தோன்றினார் என்பதைச் சொல்ல ஒரு நூலறிவும் வேண்டுவதில்லை.

பிற்பாடு கண்ட இரண்டு தரிசனங்கள் அவளுடைய தம்பி தினோக்கிராத்தேசைப் பற்றியவை. முகத்தில் உண்டான புற்றுநோயால் ஏழு வயதில், காண்போர் அருவருக்கும்படி இறந்துபோன சிறுவன் அவன். ஒருநாள் ஜெபத்தின் நடுவில் அவன் பெயர் அவள் வாயில் தானாக வந்தது. அன்றிரவு அவனைக் கண்டாள்: இருண்ட இடத்திலிருந்து, அழுக்குடையோடு, முகத்தில் அதே புண்ணோடு, தாகத்தால் தவித்து வருகிறான். நீர் நிறைந்த தொட்டி ஒன்று இருக்கிறது, விளிம்போ அவன் உயரத்துக்கு மேல். எட்டி எட்டிப் பார்த்தும் குடிக்க முடியவில்லை. அன்று முதல் இரவும் பகலும் அவனுக்காக அழுது வேண்டினாள். மீண்டும் கண்டபோது விளிம்பு தாழ்ந்திருந்தது. புண் இருந்த இடத்தில் தழும்பு. வேண்டுமட்டும் குடித்துவிட்டு, குழந்தைகள் விளையாடுவதுபோல் விளையாடப் போனான். தான் சில நாளில் மிருகத்தின் வாயில் விழப்போகிறவள், எப்போதோ இறந்துபோன தம்பியின் தாகத்தை எண்ணி அழுதுகொண்டிருந்தாள்.

கடைசித் தரிசனத்தில் அவள் களத்தின் நடுவே கொண்டுவரப்படுகிறாள். எதிரே மிருகம் இல்லை, ஓர் எகிப்திய மல்லன் நிற்கிறான். அவளுடைய உடைகள் களையப்பட, அவள் ஆணாகிறாள். கையாலும் காலாலும் போர்செய்து அவனை வீழ்த்தி, பொன் ஆப்பிள்கள் பழுத்த பச்சைக் கிளையைப் பரிசாகப் பெறுகிறாள். தான் போரிடப்போவது மிருகத்தோடன்று என்பதையும் வெற்றி தன்னுடையது என்பதையும் உணர்ந்தாள். இதுவரை நடந்ததைத் தான் எழுதியாயிற்றென்றும், களத்தில் நடப்பதை விருப்பமுள்ளவர் யாரேனும் எழுதட்டும் என்றும் சொல்லி அவள் எழுத்து நின்றுவிடுகிறது.

எழுத முன்வந்தவர் யாரென்று பெயர் இல்லை. அவர் முகவுரை ஒன்று சேர்த்து, சாத்தூருஸ் தாமே எழுதிய ஒரு தரிசனத்தையும் இடையில் வைத்து, கண்ணால் கண்ட முடிவைக் கூறியிருக்கிறார். பெர்பேத்துவாவின் பகுதி உண்மையில் அவளே எழுதியதுதானா என்று ஐயுறுகிற அறிஞரும் உண்டு. ஆனால் இலத்தீன் மூலத்தில் முகவுரைக்காரரின் நடை சுற்றி வளைத்து ஓசைநயம் பார்த்துச் செல்வது. அவள் நடையோ பேச்சைப்போல் நேராகச் செல்வது. வாக்கிய முடிவுகளின் சந்தத்தை ஆராய்ந்தவர்களும் மூன்று கைகளின் வேறுபாட்டைக் கண்டிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நமக்குக் கிடைத்திருக்கிற எழுத்துக்களில் இதுவே மிகப் பழமையானவற்றுள் ஒன்று என்பதை நான் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறேன்.

பெலிசித்தாவைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அந்தப் பெயரில்லாதவர் கூறுவதே. அடிமையாகையால் அவளுக்கு எழுத்தறிவு இருந்ததோ இல்லையோ, ஏடு கொடுத்தவர் இல்லை. பிடிபட்டபோது அவள் கர்ப்பிணி. காட்சி நாள் நெருங்கியபோது எட்டாம் மாதம். கர்ப்பிணிகளைக் கொல்வதை ரோமச் சட்டம் தடுத்திருந்ததால், தன் தோழர்களோடு சாகாமல், பிற்பாடு கொலைகாரரோடும் கள்ளரோடும் தனியே சாக நேருமோ என்பதே அவளுடைய துக்கம். மற்றவர்களுக்கும் அதுவே துக்கமாகி, எல்லாரும் கூடி வேண்டிக்கொண்டபின், காட்சிக்கு இரண்டொரு நாள் முன்னர் பிரசவ வேதனை கண்டது. எட்டாம் மாதத்துப் பிரசவமாகையால் வேதனை கடுமை, அவள் கதறினாள். இதற்கே இப்படிக் கதறுகிறவள் மிருகத்தின் முன்னால் என்ன செய்வாள் என்று காவற்காரன் ஒருவன் ஏளனம் செய்தான். இப்போது படுகிற பாடு தன்னுடையது, அப்போதோ தனக்காகப் பாடுபட வேறொருவர் தனக்குள் இருப்பார், ஏனெனில் தானும் அவருக்காகவே பாடுபடுவாள் என்ற கருத்தில் அவள் விடை கூறினாள். அவளுடைய வாயிலிருந்து நமக்குக் கிடைத்த மிகச் சில வார்த்தைகளுள் இது தலையாயது. கிறிஸ்தவ வேதசாட்சிகளின் தத்துவம் முழுவதையும் விளக்கப் பெரிய பண்டிதர்கள் எழுதியவற்றைவிட, ஓர் அடிமைப் பெண் பேறுகாலத்து நோவின் நடுவில் சொன்ன இந்த விடை ஆழமானது என்று எண்ணுகிறேன். பிறந்தது பெண் குழந்தை. விசுவாசிகளில் ஒரு சகோதரி அதைத் தன் மகளாக எடுத்து வளர்த்தாள்.

களத்தில் நடந்ததை விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இரத்தத்தை வருணிப்பதில் சில சரித்திரக்காரர்களுக்கு இருக்கும் உற்சாகம் எனக்குப் பிடித்ததன்று. சக்கரவர்த்தியின் மகன் கேத்தாவின் பிறந்தநாளுக்காக ஏற்பட்ட காட்சி அது. செக்குந்துலுஸ் சிறையிலேயே இறந்துவிட்டான். மற்ற ஐவரையும் வாசலில் நிறுத்தி, ஆண்களைச் சனி தேவனின் பூசாரிகளாகவும் பெண்களைச் சேரேஸ் தேவியின் பூசாரிச்சிகளாகவும் வேடம் தரிக்கச் சொன்னபோது, அத்தகைய செயல்களைச் செய்யமாட்டாதபடியால்தானே உயிரையே கொடுக்க ஒப்பினோம் என்ற நியாயத்தைப் பெர்பேத்துவா எடுத்துச் சொல்ல, அதிகாரியும் அதற்கு இணங்கினான். பெண்கள் இருவரையும் ஆடை களைந்து வலையில் கட்டிக் கொண்டுவந்தபோது, ஒருத்தி இளம்பெண் என்பதையும், மற்றவள் புதிதாய்ப் பிள்ளை பெற்று மார்பிலிருந்து பால் சொட்டுகிறவள் என்பதையும் கண்டு, இரத்தம் பார்க்க வந்திருந்த அந்தக் கூட்டமே நடுங்கிற்று. அவர்களைத் திருப்பி அழைத்துச் சென்று உடை உடுத்திக் கொண்டுவந்தார்கள். மூர்க்கமான ஒரு பசு அவர்கள்மேல் ஏவப்பட்டது. தூக்கியெறியப்பட்டு விழுந்த பெர்பேத்துவா முதலில் கிழிந்த ஆடையை இழுத்துத் தன்னை மூடிக்கொண்டாள். பிறகு ஓர் ஊசியைக் கேட்டு வாங்கித் தலைமயிரை முடிந்துகொண்டாள், விரித்த கூந்தல் துக்கத்துக்கு அறிகுறியாகையால், தன் மகிமையின் நாளில் துக்கம் காக்கிறவளாகத் தோன்றுவது தகாதென்று. பிறகு, கீழே நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் ஒன்றாய் நின்றார்கள்.

இந்தக் கைகொடுத்தலைக் குறித்து நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். ஒருத்தி நற்குடிச் சீமாட்டி. மற்றவள், சட்டத்தின் கண்ணுக்கு, விற்கவும் வாங்கவும் தக்க ஒரு பொருள். பெர்பேத்துவாவின் ஏட்டில் பெலிசித்தாவின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பதை உண்மையை விரும்புகிறவர்கள் சொல்லியாகவேண்டும். சிறையில் தன்னோடிருந்த அடிமைப் பெண்ணைப் பற்றி எழுத அவளுக்குத் தோன்றவில்லை. எழுத்தில் நேராத அந்தச் சமத்துவம், சாவுக்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, களத்தின் மணலில் நேர்ந்தது. கடைசியில், சமாதான முத்தம் பரிமாறிக்கொண்டு எல்லாரும் வாளுக்கு நின்றபோது, பழக்கமில்லாத இளம் வாள்வீரனின் கை தடுமாறி எலும்பில் பட்டு, பெர்பேத்துவா கூவினாள். பிறகு அவன் கையைத் தானே பிடித்துத் தன் கழுத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

வணக்கம் விரைவிலேயே தோன்றிவிட்டது. அதே நகரத்தவரான கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சில ஆண்டுகளுக்குள் பெர்பேத்துவாவின் மோட்ச தரிசனத்தை எடுத்துப் பேசுகிறார். 354-ஆம் ஆண்டின் ரோமாபுரிப் பஞ்சாங்கத்தில், ஆப்பிரிக்க வேதசாட்சிகளான இவ்விருவரின் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. கார்த்தேஜில் அவர்கள் உடல்கள்மீது ஒரு பெரிய தேவாலயம் எழுந்தது. அத்தேவாலயம் இருந்ததாகக் கருதப்படும் இடத்தில், 1907-ஆம் ஆண்டு தெலாத்திர் என்னும் குருவானவர், இவர்களுடைய பெயர்கள் பொறித்த கல்வெட்டுத் துண்டுகளைத் தோண்டியெடுத்தார். இத்தாலியிலுள்ள ராவென்னாவில் ஆறாம் நூற்றாண்டு வண்ணக்கல் சித்திரங்களில் இவர்களைக் காணலாம். மேற்றிராணியாராயிருந்த அகுஸ்தீனார் திருநாளில் இவர்களைக் குறித்துப் பிரசங்கங்கள் செய்தார். அவற்றுள் சில இன்றும் இருக்கின்றன.

ஆனால் அந்தப் பிரசங்கங்களிலேயே குரல் மாறத் தொடங்கிவிட்டதைக் காணலாம். அகுஸ்தீனாரின் ஞானத்தைக் குறைசொல்ல நான் யார்? எனினும், இப்பெண்களின் ஆன்மாவிலிருந்த ஆண்மை அவர்களுடைய உடலின் பெண்மையை மறைத்துவிட்டது என்று அவர் புகழும்போது, அந்தப் புகழ்ச்சி ஏட்டோடு ஒட்டவில்லை. ஒரு தரிசனத்தில் ஆணாய் மாறியதை அவள் எழுதினாள் என்பது மெய். ஆனால் விழித்திருந்த நேரங்களில் அவள் எழுதியதெல்லாம் பால், பிள்ளை, தகப்பன், தம்பி என்பவற்றைப் பற்றியே. மறைக்கத்தக்கதென்று அவள் எதையும் கருதவில்லை. அதன்பின், கோயில்களில் வாசிப்பதற்கு வசதியாக ஏட்டைச் சுருக்கி வேறொரு சரித்திரம் இயற்றினார்கள்; அதில், மூலத்தில் ஓரிடத்திலும் தோன்றாத கணவன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டான்; அதிகாரியின் கேள்விகளும் விடைகளும் நீட்டப்பட்டன; அவளே சொன்ன சொற்கள் பெரும்பாலும் தேய்ந்துபோயின. மத்திய காலத்தில் அதிகமாகப் பிரதியெடுக்கப்பட்டது இந்தச் சுருக்கமே. மூல ஏடு மறைந்தே கிடந்து, ஒல்ஸ்தேனியுஸ் என்னும் அறிஞர் மொந்தே கசீனோ மடத்துப் பிரதி ஒன்றில் அதைக் கண்டெடுத்ததன் பயனாக 1663-ஆம் ஆண்டு ரோமாபுரியில் அச்சேறிற்று. கிரேக்க வடிவமோ 1890-ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. இடையில் கழிந்த எத்தனையோ நூற்றாண்டுகளில், அவள் பெயரைச் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் அவள் சொல்லைக் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஏடு கிடைக்கவில்லை. ஆகையால் அவர்கள்மேல் குற்றமில்லை. நமக்கோ கிடைத்திருக்கிறது. அச்சிட்டால் இருபது முப்பது பக்கங்களுக்கு மேற்படாத சிறுநூல். ஒரு மணி நேரத்தில் உரக்க வாசித்து முடித்துவிடலாம். மார்ச் 7-ஆம் நாள் கோயிலில் கூடுகிறவர்களுக்கு, அவளுடைய அற்புத குணங்களைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கிப்பதற்குப் பதிலாக, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஓர் இளம் பெண்ணை, முடியுமானால் ஒரு தாயை, முன்னே நிறுத்தி, தமிழில் அவ்வேட்டை முழுவதும் வாசிக்கச் செய்வது மேலான வழிபாடாகும். பெலிசித்தாவின் பகுதியை வேறொருத்தி வாசிக்கட்டும். அவள் குரல் நமக்கு வேறொருவர் கைவழியாகவே வந்ததென்பது அதனால் விளங்கும். கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்கும் இதை நான் துணிந்து சிபாரிசு செய்வேன், ஏனென்றால் அரசாங்கத்தின் ஆணைக்கும் பெற்றவரின் கண்ணீருக்கும் நடுவில் தன் மனச்சாட்சியோடு தனித்து நின்ற ஒருத்தியின் வாக்குமூலத்தைப் படிக்க, அவள் வணங்கிய தேவனை வணங்கியிருக்க வேண்டுமென்பதில்லை.

தினோக்கிராத்தேசைப் பற்றிய பகுதியைப் பொதுவில் வாசிப்பது குழப்பம் விளைவிக்கும், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளையும் மன்றாட்டினால் கரையேறலாம் என்று பாமரர் எண்ணிவிடுவர் என அஞ்சுகிறவர்கள் இருக்கலாம். அந்த அச்சம் புதிதன்று. விக்தோர் என்னும் ஒருவர் அந்தத் தரிசனத்தை ஆதாரமாகக் கொண்டு அவ்வாறே வாதித்தபோது, அகுஸ்தீனார் அதை மறுத்து, அந்த ஏடு வேதாகமத்தைச் சேர்ந்ததன்று, அதைக் கொண்டு கோட்பாடு நிலைநாட்டலாகாது என்று எழுதினார். ஞானஸ்நானம் பெற்ற சிறுவனாகவே அவன் இருந்திருக்கலாம் என்றும் விளக்கம் தேடினார். அவ்வளவு கண்டிப்போடு பேசிய அவர்தாம், திருநாளில் அந்த ஏடு கோயிலில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு அதன்மேல் பிரசங்கம் செய்தவர். வாசிப்பதை நிறுத்தும்படியோ, தம்பியின் பகுதியைத் தள்ளிவிடும்படியோ அந்த மறுப்பில் அவர் கேட்கவில்லை.